தலைமாட்டுப் பொய்க்காரன்

"காதைப் பொத்திக்கோங்க" என்றாள் மனைவி.

கணக்கு வாத்தியார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மின்விசிறியின் காற்றில் ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கியது. அவள் கைப்பேசியைப் பார்த்துத் தலைமாட்டுக் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு முதலில் கொண்டுவந்தாள். பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒயர் விட்ட தூரம்வரை ஜன்னல் பக்கம் நகர்ந்து, அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"எண்ணப் போறீங்களா?"

"காதைப் பொத்திட்டு எப்படி எண்ணுவேன்?"

"பொத்தியிருந்தா நான் கேட்டது எப்படிக் காதுல விழுந்துச்சாம்?"

வாத்தியார் சிரித்துவிட்டார். இன்னும் அழுத்திப் பொத்திக்கொண்டார்.

"என் தோளையும் பாக்காதீங்க. தோள் அசையறதை வச்சே எண்ணிடுவீங்க. அந்தப் பக்கம் திரும்புங்க வாத்தியாரே."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். அமுக்குகிற ஒவ்வொரு தடவையும் 'டிக்' என்று சத்தம் போடும் நிமிட பட்டனை அவள் தன் இஷ்டத்துக்கு அமுக்கினாள். முடிந்ததும் கடிகாரத்தைத் தலையணைமேல் குப்புறப் படுக்கவைத்து, கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வாங்க, டீ குடிச்சிட்டு வரலாம். அதுக்குள்ள நல்லாக் கலந்துடும்."

நேரம் என்ன, சர்க்கரையா கலப்பதற்கு? ஆனால் அவள் அப்படித்தான் சொல்வாள். அவரும் எழுந்து பின்னாலேயே போனார். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசிச் சாதாரண காரியம் அதுதான். மறுநாள் மத்தியானம், அவள் வேலை பார்த்த பல் கிளினிக்கில், யாருக்கோ போனில் "கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க" என்று சொல்லி ரிசீவரை வைத்தவள், அப்படியே மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். களைப்பில் கண்ணயர்ந்துவிட்டாள் என்றுதான் பல் டாக்டர் முதலில் நினைத்தாராம்.

*

அந்தக் கடிகாரத்துக்குப் பொய்க்காரன் என்று பேர் வைத்தவள் அவள்தான். பச்சை எண்கள் ஒளிரும் சின்னக் கறுப்புப் பெட்டி. கட்டிலின் தலைமாட்டில், அவர் கைக்கு எட்டாமலும் காதுக்கு எட்டியும் இருக்கும்படி இடம் பார்த்து வைத்திருந்தாள்.

வாத்தியார் பள்ளிக்குத் தாமதமாகப் போவதில் பேர் எடுத்தவர். தூக்கம் என்றால் அவருக்கு அவ்வளவு உயிர். கல்யாணமான புதிதில் அவள் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் ஓட வைத்தாள். இரண்டு நாள் வேலை செய்தது. மூன்றாம் நாள் மணி அடித்ததும் அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, பத்தைக் கழித்து, மீதியைத் தூங்கித் தீர்த்தார். பதினைந்தாக ஆக்கினாள். பதினைந்தைக் கழித்தார். தூக்கத்தில் தன் பேரைக் கேட்டால்கூடச் சொல்லத் தெரியாத மனுஷர், கழித்தலை மட்டும் தப்பில்லாமல் போட்டார்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து நாள் முழுக்க நேரம் கொடுப்பதுதான் அவள் வேலை. யார் சொன்ன நேரத்துக்கு வருவார்கள், யார் ஆடி அசைந்து வருவார்கள் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவாள். "ஒவ்வொருத்தருக்கும் அளவெடுத்து ஒரு பொய் வச்சிருக்கேன். அந்த ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டருக்குச் சின்னப் பொய். துணிக்கடைக்காரருக்கு அரைமணி நேரத்துப் பொய். எல்லாரும் கரெக்டா வந்து உக்காந்துடறாங்க. வீட்டுல இருக்கற ஒரே ஒரு ஆளுக்குத்தான் எந்தப் பொய்யும் பத்த மாட்டேங்குது."

கடைசியில் ஒருநாள் கண்டுபிடித்தாள். "உங்களுக்கு அளவு தெரிஞ்சாத்தானே கழிப்பீங்க? இனிமே அளவே கிடையாது. உங்க பாஷையில சொன்னா எக்ஸ்."

அதிலிருந்து ஓர் ஒப்பந்தம். கைப்பேசிகள் இரவில் கூடத்தில்தான் தூங்க வேண்டும். கைக்கடிகாரம் அலமாரியில். படுக்கையறையில் பொய்க்காரன் மட்டும். வெளியே வந்தபிறகு ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது. எப்போதாவது வாத்தியார் ஆசை தாங்காமல் ஒப்பிட்டுவிடுவார். அடுத்த நாள் காலையே அது அவளுக்குத் தெரிந்துவிடும். அவர் மணி அடித்த பிறகும் நிம்மதியாகப் போர்த்திப் படுத்திருப்பாரே! அந்த வாரமே காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லி மறுபடி மாற்றிவிடுவாள். சில சமயம் அள்ளி வைத்துவிடுவாள். அப்போதெல்லாம் இருவரும் குளித்துச் சாப்பிட்டு வாசலுக்கு வந்து பார்த்தால் தெருவிளக்குகூட அணைந்திருக்காது.

*

அவள் போன பிறகு வாத்தியார் ஒருநாளும் பள்ளிக்குத் தாமதமாகப் போகவில்லை.

மணி அடித்த முதல் நொடியிலேயே எழுந்து உட்கார்ந்தார். கழிக்கவில்லை. கழிக்க அளவு தெரியாது என்பது ஒரு பக்கம். தெரிந்துகொள்ளவும் அவர் விரும்பவில்லை. இப்போது ஒப்பிட்டுப் பார்த்தால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அதனாலேயே பார்க்க மனம் வரவில்லை. கைப்பேசியைக் கூடத்திலேயே வைத்துவிட்டுத்தான் படுக்கப் போனார்.

அவளுடைய துணிமணிகளை மகள் வந்து எடுத்து, கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்தாள். கிளினிக்கில் அவள் நாற்காலிக்கு வேறு பெண் வந்துவிட்டாள். அவள் வாங்கி வைத்திருந்த சோப்பு கரைந்து கையில் நழுவும் சில்லாகி, அதுவும் போயிற்று. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் விரல் அமுக்கியது மட்டும் இன்னும் கடிகாரத்துக்குள் இருந்தது. பச்சை எண்கள் காட்டுவதற்கும் உலகத்தின் நேரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி. அது எவ்வளவு என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதை அவள் தன்னோடு எடுத்துக்கொண்டும் போய்விட்டாள். இங்கே ஓடவிட்டும் போயிருக்கிறாள். வாத்தியார் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புத்தி கலங்கிவிட்டதோ என்று தலையைத் தடவிப் பார்ப்பார்கள்.

கடிகாரத்துக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் மணி அடிக்கவில்லை. நல்லவேளையாகப் பக்கத்து வீட்டு மோட்டார் சத்தத்தில் விழித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அவர் சோப்பும் நுரையுமாகக் குளித்துக்கொண்டிருந்தபோது படுக்கையறையில் கணீரென்று அடித்தது. மகளுக்குப் போன் போட்டார்.

மகள் வேறு ஊரில் ஒரு லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தாள். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் நாள் முழுக்கப் பேசிப் பேசி, அவள் குரலே ஒரு நிதானத்துக்கு வந்திருந்தது.

"அப்பா, பதறாதீங்க. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பிளக் மாட்டியிருக்கா?"

"எரியுதே, அப்புறம் மாட்டாமலா இருக்கும்?"

"சரி, கோவப்படாதீங்க. அலாரம் நேரத்தைத் தொட்டீங்களா?"

"நேத்து ஒரு அரைமணி தள்ளி வச்சேன்."

"எண்ணுக்கு இடப்பக்கம் ஒரு சின்னப் புள்ளி எரியும், பாருங்க. அது எரிஞ்சா சாயங்காலம். அலாரம் வைக்கறப்போ அது எரிஞ்சுதா?"

வாத்தியார் போய் அலாரம் பட்டனை அமுக்கிக் குனிந்து பார்த்தார். புள்ளி எரிந்தது. "எரியுது."

"பன்னெண்டு மணி நேரம் தள்ளி வச்சிருக்கீங்கப்பா. ஒரு சுத்து கூடச் சுத்தி விடுங்க, புள்ளி அணைஞ்சிடும். பசங்களுக்குத் தசமப் புள்ளி விட்டா மார்க் குறைப்பீங்கல்ல?"

"குறைப்பேன்."

"இப்ப யாரு குறைக்கறதாம்?"

இன்னொரு தடவை எண்கள் மங்கிவிட்டன. கடிகாரத்தின் கண் அவிந்துகொண்டு வருகிறது என்று வாத்தியார் உடனே மகளுக்குப் போன் போட்டார். மகள் பின்பக்கம் தடவிப் பார்க்கச் சொன்னாள். அங்கே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பொத்தான் இருந்தது. துடைக்கும்போது இவரே கையால் இடித்து நகர்த்தியிருக்கிறார். நகர்த்தியதும் பச்சை பளிச்சென்று வந்தது. "அடடா!" என்றார், பேரன் பேத்தியைப் பார்த்ததுபோல.

"அப்பா, அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு வாங்கித் தரட்டுமா?"

"ஏன், நல்லாத்தானே ஓடுது?"

"வேகமா ஓடுமே."

"ஓடட்டும்" என்றார் வாத்தியார். பேச்சை மாற்றி, மாப்பிள்ளை சௌக்கியமா என்று கேட்டார்.

*

பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது. கட்டிடத்தின் கீழே, தபால் பெட்டிகளுக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். மீட்டர்கள் மாற்றுவதற்காக வெள்ளிக்கிழமை காலை முழுவதும் மின்சாரம் இருக்காது.

மற்றவர்கள் தண்ணீர்த் தொட்டியைப் பற்றியும் குளிர்பதனப் பெட்டியைப் பற்றியும் பேசினார்கள். வாத்தியார் மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறி வந்து பொய்க்காரனின் முன்னால் நின்றார். அவள் போன பிறகு இதுவரை ஒரு நிமிடம்கூட மின்சாரம் போனதில்லை; போனால் இது எல்லாவற்றையும் மறந்துவிடும். திரும்பி வந்ததும் பன்னிரண்டு பன்னிரண்டு என்று பித்துப் பிடித்ததுபோல் மின்னிக்கொண்டு நிற்கும்.

மகள் சொன்னாள்: "அடியில ஒரு மூடி இருக்கும். அதுக்குள்ள பேட்டரி போட்டா, கரண்ட் போனாலும் நேரம் மறக்காது. எண் எதுவும் தெரியாது, ஆனா உள்ள எண்ணிக்கிட்டே இருக்கும். என்ன ஆனாலும் பிளக்கைப் பிடுங்காம மாத்துங்க. பழைய பேட்டரி பொங்கியிருந்தா வெள்ளையா, பச்சையாப் பூத்திருக்கும். ரெண்டு முனையையும் நல்லாத் துடைச்சிட்டு அப்புறம் போடுங்க."

வாத்தியார் கடைக்குப் போய் நல்ல பேட்டரியாகக் கேட்டு வாங்கி வந்தார். மூடியைத் திறந்தார். பழையது பொங்கித்தான் இருந்தது. அவள் ஒருநாளும் இதைத் திறந்திருக்க மாட்டாள் என்று தோன்றியது. கரண்ட் போனால் மறுபடி காதைப் பொத்தச் சொல்லிவிடுவாள், அவ்வளவுதானே. சுருள்கம்பியைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்தார். மறுமுனையில் இருந்த சின்னத் தகடு ஓர் ஓரத்தில் ஒளிந்திருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. பேட்டரியைப் போட்டு மூடியை அடைத்தார். பிளக்கைத் தொடவேயில்லை. எண்கள் அசையாமல் எரிந்தன.

அதோடு விட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள்.

ஆனால் முப்பது வருடமாகக் கரும்பலகையில் ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் 'சரிபார்த்தல்' என்று எழுதிக் கோடு போட்ட கை அது. விடை வந்துவிட்டது என்று பேனாவை மூடுகிற பிள்ளைகளை அவருக்குப் பிடிக்காது. "விடை சரின்னு உனக்கு எப்படித் தெரியும்? திரும்பப் போட்டுப் பாரு" என்பார். வெள்ளிக்கிழமை வந்து பேட்டரி வேலை செய்யவில்லை என்றால்? இன்றே பார்த்துவிடுவது நல்லதில்லையா?

வாத்தியார் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

எண்கள் அணைந்தன. உள்ளே எண்ணிக்கொண்டிருக்கும் என்று மகள் சொன்னதை நினைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, திரும்ப மாட்டினார்.

பன்னிரண்டு. பன்னிரண்டு. பன்னிரண்டு.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கையில் ஒயர் இருந்தது. அடக்கம் முடிந்து வந்த அன்றுகூட அவர் அப்படி உட்காரவில்லை. அன்று செய்வதற்கு வேலைகள் இருந்தன.

வெள்ளிக்கிழமை மின்சாரம் நிறுத்தப்படவேயில்லை. மீட்டர்கள் வந்து சேரவில்லை, தேதி பிறகு சொல்லப்படும் என்று பழைய அறிவிப்பின்மேல் இன்னொன்றை ஒட்டியிருந்தார்கள்.

*

மகள் அடுத்த வாரக் கடைசியில் வந்தாள். பையை வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, படுக்கையறைக்குள் துண்டு எடுக்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். தலைமாட்டில் ஒரு கைக்குட்டை போர்த்தியிருந்தது. அதன் அடியில் பச்சையாக ஏதோ மின்னி மின்னி அணைந்தது.

"என்னப்பா இது, கடிகாரத்துக்கு முக்காடு?"

அவள் கைக்குட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

"கரண்ட் போச்சா?"

"நான்தான் பிடுங்கினேன்."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, பிடுங்காதீங்கன்னு."

"சரிபார்த்தேன்."

அவள் சிரிக்க வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இதுக்கு ஏம்ப்பா இப்படி இருக்கீங்க? ஒரு நிமிஷ வேலை. நேரத்தை வச்சாப் போச்சு."

"எந்த நேரத்தை வைப்பே?" என்றார் வாத்தியார். "உங்கம்மா வச்சுட்டுப் போனது அதுக்குள்ள இருந்துச்சு குட்டி. எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. அவளுக்கு மட்டும்தான் தெரியும். நான் ஒருநாள்கூட எட்டிப் பாக்கலை. பத்திரமா வச்சிருந்தேன். நானே அழிச்சுட்டேன்."

மகள் துண்டின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கும் தெரியாதுப்பா."

வாத்தியார் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு முதுகைக் காட்டி நிப்பாங்கல்ல? நான் ஒரு தடவை லீவுல வந்திருந்தப்போ ஜன்னலுக்கு வெளியே பால்கனியில நின்னேன். அம்மா முகம் எனக்கு நேரா இருந்துச்சு. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, என்னவோ முணுமுணுத்துக்கிட்டே அமுக்கினாங்க. அமுக்கி முடிச்சதும் பாக்காம அப்படியே குப்புறக் கவுத்துட்டாங்க. அப்புறமாக் கேட்டேன், என்னம்மா கூத்து இதுன்னு."

"என்ன சொன்னா?"

"'எனக்குத் தெரிஞ்சா உங்கப்பாவுக்குத் தெரிஞ்ச மாதிரிதான்டி'ன்னாங்க. 'ஊர்ல இருக்கற அத்தனை பேர்கிட்டயும் பொய் சொல்லிடுவேன். அந்த மனுஷன் பக்கத்துல வந்து உக்காந்து என் மூஞ்சியப் பாத்தாருன்னா, உள்ள இருக்கறதை அப்படியே எடுத்துடுவாரு. அதனால உள்ளேயே வச்சுக்கறதில்லை'ன்னாங்க."

வாத்தியாரின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"போனைப் பாத்தாத் தெரிஞ்சிடுமேன்னு கேட்டேன். 'அவர் பாக்கறதில்லைன்னு ஒப்பந்தம். அவர் பாக்காதப்போ நான் மட்டும் பாத்தா நல்லாவா இருக்கும்?' அப்படின்னாங்க."

கிளினிக்கின் பூட்டிய கதவுக்கு முன்னால், படியில் உட்கார்ந்து பழைய வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் மனைவியை எத்தனையோ காலைகளில் அவர் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார். வேலையில் அவ்வளவு பக்தி என்று நினைத்துக்கொள்வார். கையசைப்பார். அவளும் பத்திரிகையை அசைப்பாள். அவளையும்தான் பொய்க்காரன் ஏமாற்றியிருக்கிறான்! இவர் ஒப்பந்தத்தை அவ்வப்போது மீறினார். அவள் மீறவேயில்லை.

"திருடி" என்றார் வாத்தியார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்தது. மகள் அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டாள்.

*

சாயங்காலம் மகள் கடிகாரத்தை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து, பிளக்கைப் பிடுங்கி, அடிமூடியைத் திறந்தாள். மூலையில் இருந்த தகட்டை விரல் நகத்தால் சுரண்டிக் காட்டினாள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

"ஒரு முனையைத் துடைச்சீங்க, இன்னொண்ணை விட்டுட்டீங்க. பாதிக் கணக்கு."

"பூஜ்யம்தான் போடணும்" என்று ஒத்துக்கொண்டார்.

பஞ்சில் வினிகர் தொட்டுத் தகட்டைத் துடைத்தாள். ஈரம் காயட்டும் என்று சிறிது நேரம் விசிறியடியில் வைத்தாள். பேட்டரியைப் போட்டு, கைப்பேசியைப் பார்த்துச் சரியான நேரம் வைத்தாள். புள்ளி எரிகிறதா என்று பார்த்தாள். அலாரம் வைத்து அதற்கும் புள்ளியைப் பார்த்தாள்.

"இப்ப சரிபாருங்க. லிஃப்ட்டையும் உள்ள ஆள் இல்லாதப்போதான் சோதிச்சுப் பாப்போம். ஆளை ஏத்தி வச்சுட்டு யாராவது ஒயரைப் பிடுங்குவாங்களா?"

வாத்தியார் பயந்து பயந்து பிளக்கைப் பிடுங்கினார். மாட்டினார். நேரம் அப்படியே இருந்தது. ஒரு மாணவன் ஒருவழியாகப் பாசான நிம்மதி அவர் முகத்தில் வந்தது.

கடிகாரத்தைக் கொண்டுபோய்த் தலைமாட்டுப் பிளக்கில் மாட்டினார்கள். மகள் அதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீ வைக்கலையா?"

"எனக்குத் தெரிஞ்சா போன்ல கறந்துடுவீங்க. கண்ணை மூடிக்கிட்டு நீங்களே அமுக்குங்க. வேணுங்கற வரைக்கும்."

வாத்தியார் ஜன்னல் பக்கம், ஒயர் விட்ட தூரம்வரை நகர்ந்தார். கண்ணை மூடினார். பட்டனில் விரலை வைத்தார். அமுக்கினார். இன்னொன்று. இன்னொன்று. நிறுத்திவிட்டார்.

"முடியலைம்மா. எண்ணிடறேன். வேணும்னு எண்ணலை, தானா வருது."

"சரி, அமுக்கிக்கிட்டே இருங்க" என்றாள் மகள். அவர் மறுபடி ஆரம்பித்ததும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ராகம் போட்டு உரக்கச் சொன்னாள்: "ஏழேழு நாப்பத்தெட்டு... ஏழெட்டு அம்பத்தி நாலு..."

"நாப்பத்தொம்பது! ஏழெட்டு அம்பத்தாறு!" என்று கத்தினார் வாத்தியார், விரலை எடுக்காமலே.

"ஏழொம்பது அறுபத்தஞ்சு... எட்டெட்டு எழுபது..."

"அறுபத்தி மூணு! எட்டெட்டு அறுபத்தி நாலுடி! யாரு உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"எங்கப்பா!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அமுக்கினார். எண்ணிக்கை எங்கேயோ போய்விட்டது. கண்ணைத் திறக்காமலே தடவித் தடவிக் கட்டிலைக் கண்டுபிடித்து, கடிகாரத்தைத் தலையணைமேல் குப்புறக் கவிழ்த்தார்.

"வாங்கப்பா, டீ போடறேன்" என்றாள் மகள். "கலக்கட்டும்."

இரண்டு கைப்பேசிகளையும் அவளே பொறுக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அவர் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து கடிகாரத்தை நிமிர்த்தி, அதன் பழைய இடத்தில், கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தார். பச்சை எண்கள் நிதானமாக எரிந்தன.

பொய்க்காரன் வேகமாகத்தான் ஓடுகிறான். எவ்வளவு வேகம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.